ஆந்தை கக்கிய பல்

"ரொட்டியக் கீழ வை உஸ்மான். லைட்டரப் பத்த வை" என்றாள் கலாதேவி.

உஸ்மான் கீழே வைக்கவில்லை. மிச்சமிருந்த ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் முக்கி வாய்க்குள் அனுப்பிவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் லைட்டரை எடுத்தான்.

ஈப்போவின் புந்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் கலாதேவியின் துப்பறியும் அலுவலகம். பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தவள், இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறாள். மோப்பம் என்பது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாலே இவளுக்கு இங்கே குமட்டும். உஸ்மான் அதற்கு நேர் எதிர். ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பிணவறைக்குள் நின்றுகொண்டு மீன் தலைக் கறி சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடுவான், ஊறுகாய் இருக்கிறதா என்றும் கேட்பான்.

எதிரே ஷாமினி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் இமை தடித்திருந்தது. மேஜைமேல் கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி. அதற்குள் நாலு பற்கள். ஒவ்வொன்றும் அரிசிக் குறுணை அளவு. நாலும் கன்னங்கரேல்.

ஷாமினியின் வேலை கேட்பதற்கே விசித்திரமானது. பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர் பக்கம் புக்கிட் தெராப் என்று ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். இப்போது முழுக்க எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மலை. அந்த மலையடிக் களிமண்ணைச் சாக்குச் சாக்காக அள்ளி வந்து, தண்ணீர் ஊற்றிச் சல்லடையில் சலித்து, மிஞ்சிய பொடிக் கற்களைக் காய வைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு துணுக்காகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். சாக்குக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். டைனோசர் நடமாடிய காலத்தில் அங்கே ஓடிய ஆற்றில் வாழ்ந்த குட்டிச் சுறாவின் பல், ஒரு பல்லியின் தாடைத் துண்டு, மீன் செதில். எல்லாம் கல்லாக மாறிப்போனவை.

அந்தக் குறுணைகள்தான் மலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. மலையை வெடி வைத்துத் தகர்க்க ஒரு குவாரிக் கம்பெனி காத்திருந்தது. மலையடிவாரத்தில் தோட்டத்து ஜனங்களின் சுடுகாடும், தொழிலாளர்கள் இன்னும் குடியிருக்கும் சில லயத்து வீடுகளும் இருந்தன. டைனோசர் காலத்துப் பல் இருக்கிற மலையை உடைக்க அரசாங்கம் யோசிக்கும் என்று மலைக் காப்புக் குழு ஒன்று போராடி வந்தது. போன வாரம் ஈப்போவில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் பிரமிளா எல்லார் முன்னாலும் ஷாமினியின் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த நாலு கறுப்புப் பற்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "இது எலிப் பல்" என்றாள். "போன மாசம் செத்த எலி."

அவ்வளவுதான். அன்றைக்கு மாலைக்குள் ஃபேஸ்புக்கில் ஷாமினிக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. எலிப்பல் ஷாமினி.

"பத்த வச்சிட்டேன்க்கா. இப்ப யாரக் கொளுத்தணும்?" என்றான் உஸ்மான்.

"இதுல ஒரு பல்ல. ஷாமினி, உனக்குச் சம்மதந்தானே?"

ஷாமினி தலையாட்டினாள். "கல்லானதுன்னா சூடு பண்ணாலும் ஒண்ணும் வாராது. புதுசுன்னா முடி கருகுற மாதிரி நாறும்."

உஸ்மான் ஒரு கரண்டியில் பல்லை வைத்து நெருப்பைக் காட்டினான். மெல்லிய இழையாகப் புகை எழுந்தது. மற்ற இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கலாதேவியின் மூக்கு மட்டும் சுருங்கியது. கருகிய முடி. சலூன் குப்பையைக் கொளுத்தியதுபோல அடித்தொண்டை வரை இறங்கும் நாற்றம். வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அந்த நாற்றத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இனிப்பாக, கொழுப்பாக.

"உஸ்மான், இதுக்குள்ள இன்னொரு வாசம் இருக்கு. மோந்து சொல்லு."

அவன் கரண்டியைக் கிட்டத்தட்ட மூக்குக்குள்ளேயே விட்டான். முகம் மலர்ந்தது. "கோப்பி! நம்ம ஈப்போ கோப்பிக்கா. மார்ஜரினும் சீனியும் போட்டு வறுக்குறது. எலிக்கு நல்ல டேஸ்ட்டுலா."

கலாதேவி ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். "ஆக, எலிப் பல்லக் கோப்பியில ஊற வச்சுக் கறுப்பாக்கி யாரோ உன் பெட்டியில போட்டிருக்கான். தெரியாம வந்து விழுந்ததில்ல. போட்டது."

ஷாமினியின் தோள்கள் தளர்ந்தன. ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மகளே, சாப்பிட்டியாம்மா?" குரலில் தேன் சொட்டியது. மலைக் காப்புக் குழுத் தலைவர் டாக்டர் பவித்ரன். "இன்னிக்குச் சாயந்திரம் குழுக் கூட்டம். மன்னிப்புக் கடுதாசி தயாரா இருக்கு. நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும், பேரு வாங்க ஆசைப்பட்டு நாந்தான் பொய்ப் பல்லக் கலந்தேன்னு. மத்தத நான் பாத்துக்கறேன். உன்ன அப்படியே விட்டுருவனா? அப்புறம், தோட்டத்துக் கொட்டகையில உள்ள உன் சாமான எல்லாம் இன்னிக்கே எடுத்துரும்மா."

"சரிங்க டாக்டர்" என்று ஷாமினி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

போன் அணைந்ததும் உஸ்மான் கேட்டான். "கையெழுத்துப் போட்டா என்ன ஆவும்?"

"நாளைக்குக் காலையில அதிகாரிங்க கூடுறாங்கண்ணே. இது வரைக்கும் எடுத்த அத்தனையும் பொய்யின்னு ஆயிரும். மலை போயிரும்."

கலாதேவி பெட்டியை வெளிச்சத்தில் திருப்பினாள். "செத்த எலியோட வாயிலேர்ந்து புடுங்குனா சதை ஒட்டியிருக்கும். கொதிக்க வச்சா விரிசல் விடும். இது அவ்வளவு சுத்தமா இருக்கு. எலிய முழுசா முழுங்கிட்டு, எலும்ப மட்டும் சுத்தமாக் கக்குற ஒரு ஜீவன் இருக்கு. செம்பனைத் தோட்டத்துல எலி புடிக்க வீடு கட்டிக் குடுத்து வச்சிருக்காங்களே."

"ஆந்தை!" என்றான் உஸ்மான்.

பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்த ஷாமினியின் விரல் நின்றுபோனது. கலாதேவி அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

*

புக்கிட் தெராப் தோட்டத்துக்குள் உஸ்மான் ஓட்டிய காடி நுழைந்ததுமே கலாதேவி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். செம்பனைக்குக் கோழிச் சாணி போட்டிருந்தார்கள். வெயிலில் அது பொங்கிக்கொண்டிருந்தது. உஸ்மான் ஆழமாக மூச்சிழுத்து, "நல்ல காத்துக்கா" என்றான். ஷாமினி தன் ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்து, கொட்டகையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆந்தைக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர் சன்னாசி. குட்டையான ஆள். வாயில் வெற்றிலை, தலையில் ஏதோ உரக் கம்பெனியின் தொப்பி. யாராவது பேச்சுக்குக் கிடைத்தால் விட மாட்டார். உயரமான கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி. கம்பத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாக எச்சம். அதன் நடுவே பிள்ளையின் கட்டை விரல் பருமனில் கறுப்பு உருண்டைகள், சில புதுசு, மினுமினுவென்று சளி பூசி.

"இதான் தாயி ராத்திரி கக்குனது. தொட்டுப் பாருங்க, சூடு ஆறியிருக்காது."

"வேணாம்."

"பயப்படாதீங்க, இது பீ இல்ல. வாந்தி."

அந்த விளக்கம் கலாதேவிக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. சன்னாசி ஓர் உருண்டையை எடுத்து, பலாச்சுளையைப் பிளப்பதுபோல இரண்டு கட்டை விரலாலும் பிளந்தார். சாம்பல் நிற மயிர்ப் பொதி. அதற்குள் ஊசி ஊசியாக எலும்பு, ஒரு சின்ன மண்டை ஓடு. மண்டை ஓட்டின் கண் குழியிலிருந்து ஒரு வெள்ளைப் புழு தலையை நீட்டி, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு உள்ளே போனது.

கலாதேவி திரும்பி ஒரு செம்பனை மரத்தைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்குள் உமிழ்நீர் ஊறியது.

"வெளிய மொறுமொறுன்னு, உள்ள சாஃப்டா" என்றான் உஸ்மான் குனிந்து பார்த்தபடி. "எங்க கடையில இதுக்குப் பேரு கட்லெட்டு."

"உஸ்மான், இன்னொரு வார்த்த பேசுன, நீ நடந்துதான் ஈப்போ போவணும்." மரத்தை விடாமலே சன்னாசியிடம் கேட்டாள். "இத யாராச்சும் கேட்டு வாங்கிட்டுப் போவாங்களா?"

"இந்தக் கருமத்த யாரு கேப்பா? ஒரே ஒரு ஆளுதான் வரும். பிஸ்கட் டின்னு கொண்டாந்து, கையில உறை போட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டுப் போவும்."

"யாரு?"

"நம்ம ஷாமினிப் பொண்ணுதான். மலைக்கு மண்ணு சலிக்க வருமே. உங்களுக்குத் தெரியாது?"

உஸ்மான் கலாதேவியைத் திரும்பிப் பார்த்தான்.

கலாதேவி மரத்திலிருந்து கையை எடுத்தாள். எத்தனை பொய்யர்களைப் பார்த்தவள்! கால் ஒடிந்ததாகச் சொல்லிவிட்டுப் பூப்பந்து ஆடியவனையெல்லாம் பிடித்தவள். தடித்த இமையையும் தொங்கிய தோளையும் பார்த்து ஏமாந்தோமா? தன் மேலேயே ஓர் அருவருப்பு ஏறியது.

"காடிய எடு" என்றாள்.

*

கொட்டகை என்பது முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்ட இடம். சுவரெல்லாம் இன்னும் கறுப்பு. அந்தப் பழைய புகை நெடி கலாதேவியின் தொண்டையில் போய் உட்கார்ந்தது. ஒரு பக்கம் சல்லடைகளும் சாக்குகளும். ஜன்னலோரம் மைக்ராஸ்கோப். ஷாமினி தூரிகைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பிஸ்கட் டின்னு எங்க?" என்றாள் கலாதேவி.

ஷாமினி நிமிர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அலமாரியைத் திறந்து டின்னை எடுத்து வைத்தாள்.

"காலையில ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களாக்கா? எலிப் பல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு ஊரே கேக்குது. என் அலமாரியிலயே ஒரு டின்னு எலி இருக்குன்னு எப்படிச் சொல்ல?" குரல் உடைந்தது. "எது பழசுன்னு தெரியணும்னா எது புதுசுன்னு மொதல்ல தெரியணும்க்கா. எலி, பல்லி, கெளுத்தி மீனு, தவளை, எல்லாத்தோட பல்லும் எலும்பும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாத்தான் அடையாளம் சொல்ல முடியும். இந்த வேலை செய்யிற எல்லாரும் வச்சிருப்பாங்க."

கலாதேவி மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு டின்னைத் திறந்தாள். பஞ்சின்மேல் சுத்தமாகக் கழுவிய எலித் தாடைகள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாவற்றிலும் பல் இருந்தது. ஓரத்துத் தாடையில் மட்டும் வரிசையாக வெறும் குழிகள்.

"இதுல பல்லக் காணோமே?"

ஷாமினி எட்டிப் பார்த்தாள். அவளுக்கே அது புதுசு என்று முகத்தில் தெரிந்தது. "நான் புடுங்குறதே இல்லக்கா. புடுங்குனா வேரு தாடைக்குள்ளயே ஒடைஞ்சு நின்னுரும். ஒரு தடவ பண்ணிப் பாத்து நாசமாப் போச்சு. இது..." டின்னைக் கண்ணருகே கொண்டுபோனாள். "குழியில ஒரு துண்டுகூட இல்ல. வேரோட அலுங்காம எடுத்திருக்காங்க."

கலாதேவி கண்ணாடிப் பெட்டியைத் தட்டினாள். மிச்சமிருந்த மூன்று கறுப்புப் பற்களிலும் வேர் முழுசாக இருந்தது.

"சரி, நெசமான பல்லு எப்படி இருக்கும்? எனக்குக் காட்டு."

ஷாமினி ஒரு தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நகர்த்தினாள். கலாதேவி கண்ணை வைத்தாள். ஒரு நிமிஷம் அசையவில்லை. மங்கலாக இருந்தது தெளிந்தபோது, மூன்று முனையோடு ஒரு சுறாப் பல் வெளிச்சத்தில் மிதந்தது. காய்ச்சிய வெல்லப் பாகு நிறம். உள்ளே வெளிச்சம் புகுந்து மறுபக்கம் தெரிந்தது. காலையிலிருந்து அவள் பார்த்ததில் அருவருப்பில்லாத முதல் பொருள் இதுதான்.

அவள் மெல்ல நிமிர்ந்தாள். "இது கறுப்பு இல்லையே."

"இந்த மலையில எதுவுமே கறுப்பு இல்லக்கா. எல்லாம் இந்தத் தேன் கலருதான்."

"அப்ப கோப்பியில ஊற வச்சவன் ஏன் கறுப்பாக்குனான்?"

உஸ்மான் சுவரைக் காட்டினான். கண்காட்சி போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. எலெக்ட்ரான் கருவியில் எடுத்த படம். அதில் வண்ணம் வராது. ராட்சத அளவில் ஒரு பல், கரிக்கட்டைபோல. கீழே கொட்டை எழுத்தில்: 'பேராக் மண்ணின் கறுப்பு மணிகள்.'

"இந்த வாசகம் யாரோடது?"

"டாக்டரோடது. எல்லா மேடையிலயும் இதத்தான் சொல்வாரு. கேக்குறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு அப்படிப் பேசுறாருன்னு நெனச்சேன்."

"அலமாரிச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. டாக்டர்கிட்ட ஒண்ணு. பல்லுப் பெட்டியும் இதுலதான் இருக்கும்."

"அவரு இந்த மைக்ராஸ்கோப்புல பாத்திருக்காரா?"

ஷாமினி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. "பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துப்பாரு. கண்ண வச்சா முகத்துல வட்டமா அச்சு விழும், படத்துல நல்லா இருக்காதும்பாரு. பாத்ததே இல்லக்கா. ஒரு தடவகூட."

"இத்தன வருஷமா டைனோசர் டாக்டரா இருந்துட்டு ஒரு பல்லப் பாத்ததில்லையா?" என்றான் உஸ்மான்.

"அவரு டைனோசர் டாக்டர் இல்லண்ணே. ஈப்போல கிளினிக் வச்சிருக்காரு. பல் டாக்டர்."

உஸ்மான் வெறும் குழிகளோடு கிடந்த தாடையைப் பார்த்தான். பிறகு தன் தாடையைத் தடவிக்கொண்டான்.

"வேரோட," என்றான், "அலுங்காம."

*

குழுக் கூட்டம் டாக்டர் பவித்ரனின் கிளினிக்கிலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நோயாளிகள் இல்லை. காத்திருப்பு அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கிராம்பு எண்ணெயும் மருந்துத் தண்ணீரும் கலந்த வாடை. அதோடு தட்டு நிறைய மசாலா திணித்துப் பொரித்த கறிபாப், பிளாஸ்க்கில் கோப்பி. குழுச் செயலாளர் ராஜு, உறுப்பினர்கள் சில பேர். ஓரத்தில் பிரமிளா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கிளினிக் உதவியாளர் குல்ஜார் பேகம் தட்டுகளை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். தாகம் என்று உஸ்மானும் அவள் பின்னால் போனவன், ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"வாம்மா மகளே!" டாக்டர் எழுந்து ஷாமினியின் தலையில் கை வைத்தார். வழுவழுப்பான முகம், வரிசை தப்பாத பற்கள். "இங்க உக்காரு. பேனா இந்தா."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாள் கலாதேவி. கைக்குட்டையை விரித்து, ஒரு குப்பியிலிருந்து நாலைந்து தேன் நிறத் துணுக்குகளைக் கொட்டினாள். "இந்தப் பொண்ணு அலமாரியில இதுவும் இருந்துச்சு. இதையும் கடுதாசியில சேத்துக்கணுமா என்னான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

டாக்டர் குனிந்தார். ஒரு பார்வைதான். நிமிர்ந்து உச்சுக் கொட்டினார்.

"பாத்தீங்களா? இது பசாருல வாங்குன மீனுப் பல்லு. கலரே சொல்லுதே, மஞ்சளா, புதுசா! நம்ம கறுப்பு மணிங்க எங்க, இது எங்க! இன்னும் எத்தன பொய்யம்மா வச்சிருக்க? சரி, சேத்து எழுதிருவோம்."

பிரமிளா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் எல்லாரையும் திரும்ப வைத்தது. கைக்குட்டையருகே வந்து பூதக்கண்ணாடியை வைத்தாள்.

"இது நான் உறுதி பண்ண சுறாப் பல்லு. ஆராய்ச்சிக் கட்டுரையில போட்டது இதத்தான். டாக்டர், உங்களுக்கு இது தெரியலையா?"

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எப்படித் தெரியும்?" என்றாள் கலாதேவி. "அவரு பாத்ததெல்லாம் போஸ்டர்தான். நீங்க யோசிச்சுப் பாருங்க மேடம். தெனம் தேன் கலருல பல்லு பொறுக்குற பொண்ணு, பொய்ப் பல்லு செய்யணும்னா கறுப்பு அடிப்பாளா? அந்த எலிப் பல்லுல கோப்பி வாசம் இருந்துச்சு, என் மூக்கு புடிச்சிருச்சு. நெசத்தக் கண்ணால பாக்காதவன்தான் அப்படிக் கறுப்பு அடிப்பான். வேரு ஒடையாம புடுங்கத் தெரிஞ்சவன். அலமாரிச் சாவி வச்சிருக்கவன். கண்டுபுடிக்கணும்னுதான் போட்டது. ஒரு பொய்யக் காட்டி, இருக்குற நெசத்தையெல்லாம் அழிக்க."

பிரமிளாவின் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பு டாக்டர் மேலுள்ள கோபம் மட்டுமில்லை.

இப்போது கூட்டம் கொதிக்கும் என்று கலாதேவி நினைத்தாள். யாராவது ஒருவர் கத்துவார், நாற்காலி விழும், டாக்டரின் சட்டையைப் பிடிப்பார்கள். மலைக்காகக் கொடி பிடித்து வெயிலில் நின்றவர்கள் ஆயிற்றே.

யாரும் அசையவில்லை.

ஒருவர் கறிபாப்பின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒருவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். கலாதேவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆச்சரியம் எந்த முகத்திலும் இல்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

செயலாளர் ராஜு தொண்டையைச் செருமினார். "தெரியும்னு இல்லம்மா. எதுக்கு வீண் தொல்லை, சூசா? குவாரிக்காரங்க அந்தப் பக்கம் நல்ல வீடு கட்டுறாங்க. குழுவுல உள்ளவங்களுக்கும் ஆளுக்கொண்ணு ஒதுக்கிருக்காங்க. மலை யாருக்குச் சோறு போடுது சொல்லுங்க? கறிபாப் சூடா இருக்கு, எடுத்துக்குங்க. அப்புறம் பேசுவோம்லா."

தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். விரலெல்லாம் எண்ணெய். கலாதேவிக்கு ஆந்தை உருண்டையும் அந்த வெள்ளைப் புழுவும் எவ்வளவோ மரியாதையானவை என்று தோன்றியது. ஆந்தை தான் முழுங்கியதை மறைப்பதில்லை.

"அந்தச் சுடுகாட்டுலதான் எங்க தாத்தா இருக்காரு" என்றாள் ஷாமினி. யாருக்கும் கேட்காததுபோல இருந்தார்கள்.

டாக்டருக்குத் தைரியம் திரும்பியது. "மைக்ராஸ்கோப்புல பாக்காதது குத்தமா? ஆதாரம் எங்க? எங்கிட்ட எலியும் இல்ல, கோப்பியும் இல்ல. உங்க மூக்க வச்சுக் கேசு போட முடியுமா மேடம்?"

"கோப்பி இருக்கு."

உள்ளறை வாசலில் குல்ஜார் பேகம் நின்றிருந்தாள். தலைத்துணியின் ஓரத்தால் மூக்கை மூடியிருந்தாள். கையை நீட்டிப் பிடித்திருந்தாள், உடம்பிலிருந்து முடிந்தவரை தள்ளி. கையில் ஒரு பிளாஸ்டிக் கப். நோயாளிகள் வாய் கொப்பளிக்கக் கொடுப்பது. அடியில் கோப்பி மண்டி காய்ந்து பூசணம் பூத்திருந்தது.

"கண்காட்சிக்கு முன்னாடி இதுலதான் ஊற வச்சாரு. என்ன டாக்டர்னு கேட்டேன். சின்னப் பிள்ளைங்களோட பால் பல்லுன்னாரு. நானும் கழுவப் போனேன். எலி வீச்சம் எனக்குத் தெரியாதா? கழுவல. சிங்க்குக்கு அடியில ஒதுக்கி வச்சிட்டேன். ஒரு பல்லு இன்னும் அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு." அவள் டாக்டரைப் பார்த்தாள். "இதையே கழுவிக் கழுவிக் குடுக்க வேணாம், பேப்பர் கப்பு வாங்குங்கன்னு எத்தன தடவ சொன்னேன்."

பிரமிளா கப்பை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். தலையை மட்டும் அசைத்தாள். அது போதுமாக இருந்தது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உஸ்மான் தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தான். குல்ஜார் பேகத்தின் கையிலிருந்ததைப் பார்த்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

"லாத்தா," என்றான் அவளிடம் மெல்ல, "ஊற வச்சது அந்த ஒரு கப்புலதானே?"

"மொத நாளு எதுல ஊற வச்சாரோ தம்பி, நான் பாக்கல."

பிணவறையிலும் பசியெடுக்கும் உஸ்மான், வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். சாக்கடைப் பக்கமிருந்து வந்த சத்தம் காத்திருப்பு அறை முழுக்கக் கேட்டது. கலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் வெளியே போய் அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

பிரமிளா ஷாமினியைத் தேடி வாசலுக்கு வந்தாள். "நான் உன்னப் பத்திச் சொன்னது தப்பு. எலின்னு கண்டுபுடிச்ச நான், ஏன் கறுப்புன்னு யோசிக்கல. என்ன மன்னிச்சிரு."

"எங்கிட்ட வேணாம்" என்றாள் ஷாமினி. அழவில்லை. "அன்னிக்கு எத்தன பேருக்கு முன்னால சொன்னீங்களோ, அத்தன பேருக்கு முன்னாலயும் சொல்லுங்க."

*

பிரமிளா சொன்னாள். மறுநாள் காலை அதிகாரிகள் கூட்டத்தில், கப்பையும் தேன் நிறப் பற்களையும் மேஜைமேல் வைத்துச் சொன்னாள். அதிகாரிகள் ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். முழு ஆய்வு முடியும்வரை மலையில் ஒரு கல்லையும் தொடக்கூடாது என்று முடிவானது. டாக்டர்மேல் போலீஸில் புகார் பதிவானது. உடல்நிலை சரியில்லை என்று அவர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். ஷாமினி கொட்டகைக்குத் திரும்பி, கட்டி வைத்த தூரிகைகளைப் பிரித்தாள். குல்ஜார் பேகம் வேறு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். கேள்வி கேட்ட பிறகுதான் சேர்ந்தாளாம், பேப்பர் கப்பா என்று.

அந்த வாரக் கடைசியில் உஸ்மான் கைப்பேசியைக் கலாதேவியின் மேஜையில் வைத்தான். ஃபேஸ்புக்கில் ஒரு படம். மலையடிவாரத்தில் செயலாளர் ராஜுவும் குழுவினரும் மாலையோடு நின்று கட்டை விரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். 'நாங்கள் போராடிக் காத்த மலை!' கீழே இதயங்களும் கும்பிடுகளும் குவிந்திருந்தன.

கலாதேவி அதைத் தள்ளி வைப்பதற்குள் அவள் போன் அடித்தது. ராஜுதான்.

"வணக்கம்மா! ஞாயித்துக்கெழம மண்டபத்துல பாராட்டு விழா வச்சிருக்கோம். மலையக் காப்பாத்துன குழுவுக்கு. உங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாட போத்தணும்னு எல்லாரும் ஆசப்படுறாங்க. ஷாமினிப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. பிரியாணி இருக்கு. நடந்தத மறந்துருவோம்லா."

கலாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். தட்டை நகர்த்திய அந்த எண்ணெய் விரல்கள் கண்முன் வந்தன. கூடியவரை இனிமையாகப் பேசினாள்.

"கண்டிப்பா வாரேன். ஷாமினியும் வரும். ஒரே ஒரு விஷயம், ராஜு."

"சொல்லுங்கம்மா, சொல்லுங்க."

"மேடையில எங்க கையில மைக்கு குடுப்பீங்கல்ல?"

அந்தப் பக்கம் போன் அணைந்தது.